பிரெஞ்சு வகுப்பில் காதுக்கும் வாய்க்கும் மதிப்பெண் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டது. பகுதி 1 மொழிப்பாடம் எது என்று கேட்டால், "பிரெஞ்சு போடு, மார்க் அள்ளலாம்" என்ற பதில் எல்லா ஊரிலும் தயாராக இருக்கிறது. அள்ளலாம் என்பதில் பொய்யில்லை. ஆனால் நான்கு பருவத்திலும் தொண்ணூறுக்கு மேல் அள்ளிய ஒருவரிடம், "உங்கள் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள்" என்று பிரெஞ்சில் கேட்டால் திகைத்து நிற்கிறார். அதற்கு அவரைக் குறை சொல்லக் கூடாது. பாடத்தில் உள்ள உரையாடலை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது, வினைச்சொல் வாய்பாட்டை எழுதுவது, கோடிட்ட இடத்தை நிரப்புவது என்று காகிதத்தில் தொடங்கிய படிப்பு காகிதத்திலேயே முடிந்துவிடுகிறது. காதையும் வாயையும் யாரும் தேர்வுக்கு அழைக்கவே இல்லை.

பாடத்திட்டக் குழுக்களும் ஆசிரியர்களும் முதல் பருவத்தில் மாற்றிக்கொள்ளக்கூடிய சிலவற்றை எழுதுகிறேன். முன்கூட்டியே ஒரு மன்னிப்பு: பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள் என்று சொல்லப்போகும் இக்கடிதமே அவற்றைத் தமிழ் எழுத்தில்தான் எழுதியிருக்கிறது. நாளிதழுக்கு வேறு வழியில்லை, வகுப்புக்கு உண்டு.

அடிப்படைக் கோளாறு, பிரெஞ்சை ஆங்கிலத்தின் வழியே சொல்லித்தருவது. இரண்டுக்கும் எழுத்துகள் ஒன்று, ஆயிரக்கணக்கான சொற்களும் பொது. அதனால் படித்துப் புரிந்துகொள்ள ஆங்கிலம் கைகொடுக்கும். ஆனால் ஒலியில் அது பள்ளத்தில் தள்ளிவிடும். ஆங்கிலத்தின் டி ஒலி நம் காதில் 'ட' என்று விழுகிறது. டேபிள், டாக்டர், டிக்கெட் என்று நாக்கை மடித்துப் பழகிவிட்டோம். பிரெஞ்சைப் பார்த்ததும் அதே நாக்கு மடிகிறது. பிரெஞ்சில் நாக்கின் நுனி மேல்பல்லைத் தொட வேண்டும். அதாவது நம் 'த'. மேசை 'தாப்ல்', தலை 'தேத்', தேநீர் வெறும் 'தே'. தேநீரில் 'தே' வைத்திருக்கும் தமிழ் மாணவர் அதை விட்டுவிட்டு 'டே' என்று சொல்வதுதான் வேடிக்கை. 'ப', 'க' இரண்டும் அப்படியே. ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் இவற்றோடு ஒரு மூச்சுக் காற்று சேர்ந்து வரும். பிரெஞ்சில் வராது, தமிழிலும் வராது. வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துக்கொண்டு பாரிஸ் நகரத்தின் பெயரை 'பாரி' என்று சொல்லிப் பார்த்தால் போதும். தாள் அசைந்தால் அது ஆங்கில 'ப'.

அடுத்தது யூ எழுத்து. பிரெஞ்சில் இந்த எழுத்து தனியாக வந்தால் ஒரு ஒலி. முன்னால் ஓ எழுத்தைச் சேர்த்து வந்தால் வேறு ஒலி. சேர்ந்து வருவது நம் 'ஊ'தான், அதில் சிக்கல் இல்லை. தனியாக வருவது தமிழிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. அதைப் பிடிக்க ஒரே வழி: 'ஈ' என்று நீட்டிச் சொல்லுங்கள். நாக்கை அப்படியே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் 'ஊ' சொல்வதுபோலக் குவியுங்கள். குவித்த உடனே நாக்கும் பின்னால் நழுவி 'ஊ' ஆகிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஒரே மூச்சில் உதட்டைக் குவிப்பதும் விரிப்பதுமாகப் பத்து முறை சொன்னால் நாக்கு அடங்கிவிடும். கைப்பேசியின் முன்கேமராவைக் கண்ணாடியாக வைத்துக்கொள்ளலாம். இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், பொருள் மாறிவிடும். தெருவும் சக்கரமும், 'மேலே'யும் 'கீழே'யும் இந்த ஒரே ஒலியால்தான் வேறுபடுகின்றன. புதுச்சேரியில் 'துய்ப்ளே' (பழைய பிரெஞ்சு ஆளுநர்), 'துய்மா வீதி' என்று 'உய்' போட்டு எழுதும் வழக்கத்தைக் கவனியுங்கள். அந்த ஒலி வெறும் 'ஊ' இல்லை என்று யாரோ காதால் கேட்டு எழுதியிருக்கிறார்கள். 'டூ' என்று போடாமல் 'து' என்றும் போட்டிருக்கிறார்கள். முதல் வகுப்பில் கரும்பலகையில் எழுத இதைவிட நல்ல சொல் கிடைக்காது.

ஆர் எழுத்துக்காக முதல் வாரம் முழுவதையும் செலவழிக்கும் ஆசிரியர்கள் உண்டு. அடித்தொண்டையில் கரகரக்கும் அந்த ஒலி பிரெஞ்சின் அடையாளம் என்பதால் மாணவர்களுக்கும் ஆசை. ஆனால் தமிழ் 'ர' போட்டுச் சொன்னால் எந்தச் சொல்லும் வேறு சொல்லாகிவிடாது, கேட்பவருக்குப் புரியும். 'ர' பொறுக்கலாம், யூ பொறுக்க முடியாது.

மூக்கொலிகளைப் பற்றித்தான் பெரிய பயம் கிளப்பப்படுகிறது. எழுத்தில் ஓர் உயிரெழுத்துக்குப் பின் என் அல்லது எம் வரும். வாயில் அந்த மெய் ஒலிக்காது, உயிரே மூக்கு வழியாக வரும். இது ஏதோ அயல்நாட்டு வித்தை என்று கற்பிக்கிறார்கள். பேச்சுத் தமிழில் நாம் 'வந்தான்' என்று சொல்லும்போது கடைசி 'ன்' எங்கே ஒலிக்கிறது? 'ஆ' மூக்கில் ஏறி நின்றுவிடுகிறது. 'வந்தேன்' என்பதில் 'ஏ' ஏறுகிறது. 'பணம்' என்பதைப் 'பணோ' என்று மூக்கில் முடிக்கிறோம். பிரெஞ்சுக்கு வேண்டிய மூன்று மூக்கொலிகளுக்கும் மிக நெருங்கியவை இவையே. காற்று என்ற சொல்லில் 'வந்தான்' முடிவு, திராட்சை மது என்ற சொல்லில் 'வந்தேன்' முடிவு (வாய் இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும்), 'நல்ல' என்ற சொல்லில் 'பணம்' முடிவு. நான்காவதாக ஒன்று புத்தகங்களில் இருக்கும். பாரிஸ் பேச்சில் அது இரண்டாவதோடு கலந்துவிட்டது, தொடக்கநிலையில் தனியாகப் பழக வேண்டியதில்லை. இந்த உதாரணங்களைச் சொன்னால் பத்து நிமிடத்தில் வகுப்பு பிடித்துக்கொள்ளும். சொல்லாவிட்டால் மூன்று ஆண்டு ஆனாலும் கடைசியில் அழுத்தமாக ஒரு 'ன்' போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இனி எச்சரிக்கை. புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே பென்சிலால் தமிழ் உச்சரிப்பு எழுதி வைக்கும் பழக்கம். மீன், பானம், விஷம் ஆகிய மூன்றுக்கும் உள்ள பிரெஞ்சுச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் 'புவாசோன்'தான். நம் எழுத்தில் 'ப' ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்கிறது. 'ஸ' போட்டாலும் இரைச்சலில்லாத எஸ் ஒலிக்கும் தேனீ இரைவதுபோன்ற ஸெட் ஒலிக்கும் வேறுபாடு காட்ட முடியாது. உணவகத்தில் மீன் கேட்கப் போனவர் விஷம் கேட்டால் பரிமாறுபவர் சிரித்துக்கொண்டு மீனைத்தான் கொண்டுவருவார். காது கேட்டு எழுதும் தேர்வில் அந்தச் சலுகை கிடையாது. ஆங்கில எழுத்தில் உச்சரிப்பு எழுதினால் 'ட' திரும்ப வந்துவிடும். அதற்குப் பதில் மூன்று குறிகள் போதும். ஒலிக்காத கடைசி எழுத்தின்மேல் சாய்கோடு. மூக்கில் போகும் உயிரைச் சுற்றி வட்டம். அடுத்த சொல்லோடு சேரும் இடத்தில் கீழே ஒரு வளைவு. ஒரு பாடத்தை ஒலிப்பதிவில் கேட்டுக்கொண்டே இந்தக் குறிகளைப் போடுவது நல்ல வீட்டுப்பாடம். கோனார் உரையில் கிடைக்காது. சொல்லின் கடைசியில் வரும் மெய்களில் சி, ஆர், எஃப், எல் நான்கும் பெரும்பாலும் ஒலிக்கும், மற்றவை பெரும்பாலும் ஒலிக்காது என்ற விதியை வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஈ, ஆர் என்று முடியும் வினைகளில் மட்டும் அந்த ஆர் ஊமை.

அந்த வளைவுக் குறியைப் பற்றி ஒரு சொல். ஊமையாக இருக்கும் கடைசி மெய், அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் விழித்துக்கொண்டு அதோடு ஒட்டும். 'நீங்கள்' என்பது 'வூ', 'வைத்திருக்கிறீர்கள்' என்பது 'அவே', சேர்ந்தால் 'வூஸவே'. உயிரில் முடியும் சிறு சொற்கள் சிலவற்றில் நேர் எதிராக, உயிர் மறைந்து மேற்கோள்குறி வந்துவிடும். புணர்ச்சி விதி படித்த பிள்ளைக்கு இதில் வியப்பு என்ன? நாடு, எங்கும் சேர்ந்து நாடெங்கும் ஆகும்போது உகரம் ஓடியதைப் பள்ளியிலேயே பார்த்துவிட்டான். ஆனால் நம் வகுப்புகளில் இதை விதிவிலக்குப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். ஒட்டக் கூடாத இடமும் உண்டு. ஹெச்சில் தொடங்கும் சொற்களில் ஒரு கூட்டம் ஒட்டவிடாது. 'வீரர்கள்' என்ற சொல்லை ஒட்டிச் சொல்லிவிட்டால் 'பூச்சியங்கள்' ஆகிவிடும்.

வினைச்சொல்லுக்கு வருவோம். 'பேசு' என்ற வினையின் நிகழ்காலத்துக்கு ஆறு வடிவம் எழுதுகிறோம். வாயில் எத்தனை? மூன்றுதான். நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நான்கும் 'பார்ல்'. நாம் 'பார்லோன்'. நீங்கள் 'பார்லே'. அவர்கள் வடிவத்தில் கடைசியில் எழுதும் மூன்று எழுத்தும் ஊமை. அதை 'பார்லென்ட்' என்று படிப்பது முதலாண்டு வகுப்பின் தேசிய கீதம். தமிழில் 'பேசுகிறேன்' என்றாலே 'நான்' தெரிந்துவிடும், அதனால் எழுவாயை விட்டுவிடுகிறோம். பிரெஞ்சில் முடிவுகள் காதில் விழாததால் எழுவாயை விட முடியாது. இந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டால், 'ஏன் ஒவ்வொரு முறையும் நான், நான் என்று சொல்ல வேண்டும்' என்ற கேள்வி எழாது.

இங்கேயும் ஸெட் ஒலி வந்து வாலாட்டும். 'அவர்கள் இருக்கிறார்கள்', 'அவர்களிடம் இருக்கிறது' இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒரே ஒலி: முதலாவதில் எஸ், இரண்டாவதில் ஒட்டியதால் வந்த ஸெட். தமிழ் காதுக்கு இரண்டும் 'இல் ஸோன்'. ஆசிரியர் இருபது சொற்றொடர் சொல்ல, முதல் வகைக்கு வலக்கையும் இரண்டாம் வகைக்கு இடக்கையும் தூக்கச் சொல்ல வேண்டும். யாரையும் தனியே எழுப்ப வேண்டியதில்லை. ஐம்பது பேரில் யாருக்குக் கேட்கவில்லை என்பது ஒரு பார்வையில் தெரியும். முதல் முறை பாதிக் கைகள் தவறாகத்தான் எழும். குரல்வளையில் விரலை வைத்து ஸெட் அதிர்வதை உணரச் சொன்ன பிறகு மறுபடி செய்தால் நிலைமை மாறும்.

இலக்கணத்திலும் ஆங்கிலம் குறுக்கே நிற்கும் இடங்கள் உண்டு. முதன்மையானது வயது. 'ஐ ஆம் ட்வென்டி' என்ற ஆங்கிலத்தைப் பார்த்து, 'ஜ ஸ்வி வேன்' என்று எழுதாத முதலாண்டு மாணவர் அரிது. பிரெஞ்சில் வயது 'இருப்பது' அல்ல, ஒருவரிடம் 'உள்ளது': 'ஜே வேன்தான்'. விதியாகச் சொன்னால் மறப்பார்கள். தமிழில் 'எனக்கு' போட்டுச் சொல்வதையெல்லாம் எண்ணிப் பாருங்கள்: எனக்கு இருபது வயது, எனக்குப் பசி, எனக்குத் தாகம், எனக்குக் குளிர், எனக்குப் பயம், எனக்குத் தூக்கம். ஆங்கிலத்தில் இவையெல்லாம் 'ஐ ஆம்'. பிரெஞ்சில் எல்லாவற்றுக்கும் 'ஜே', அதாவது 'என்னிடம் உள்ளது'. எனக்கு வரும் இடத்தில் 'ஜே' போடு என்று ஒரே வரி. எனக்கு ஒரு தம்பி இருக்கிறான், எனக்குத் தலை வலிக்கிறது என்பவற்றுக்கும் இது செல்லும். 'எனக்குப் பிடிக்கும்' போன்ற சிலவற்றுக்குச் செல்லாது. அங்கே 'நான் விரும்புகிறேன்' என்று போகும். அந்தச் சிலவற்றைத் தனியே பட்டியலிட்டால் போதும்.

எதிர்மறையில், 'எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்' என்பதில் வரும் 'ஒரு', 'இல்லை' ஆகும்போது 'த' என்று சுருங்கிவிட வேண்டும். இதை மறந்து 'ஒரு தம்பி இல்லை' என்று எழுதுவது விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் பிழை.

பால் பிரச்சினைக்கு மட்டும் தமிழில் மருந்து இல்லை. நமக்கு உயிரற்றவை அனைத்தும் அஃறிணை. நாற்காலி பெண்ணா ஆணா என்று கேட்டால் சிரிப்பு வரும். பிரெஞ்சில் அஃறிணையே கிடையாது. நாற்காலி பெண், மேசை பெண், புத்தகம் ஆண். காரணம் கேட்டுப் பயனில்லை. ஆனால் மனப்பாடம் செய்யும் முறையில் ஒரு தவறு நடக்கிறது. சொல்லோடு 'அந்த' என்ற பொருள் தரும் 'ல', 'லா' சேர்த்துப் படிக்கிறார்கள். பள்ளி, விடுதி போல உயிரொலியில் தொடங்கும் சொற்களுக்கு இரண்டுமே சுருங்கி ஒரு 'ல்' ஆகிவிடும், பால் மறைந்துவிடும். ஆகவே 'ஒரு' என்ற பொருள் தரும் 'அன்', 'யூன்' இவற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும். அப்போது பால் எந்தச் சொல்லிலும் ஒளிய முடியாது. முடிவுகளும் உதவும். 'ஸியோன்' என்று ஒலிக்கும் டி-ஐ-ஓ-என் முடிவு பெண்பால். 'மான்' என்று ஒலிக்கும் எம்-இ-என்-டி முடிவு ஆண்பால். ஏ-ஜி-இ முடிவு பெரும்பாலும் ஆண்பால், ஆனால் பக்கம், கடற்கரை, படம், கூண்டு இவற்றுக்கான சொற்கள் பெண்பால்.

அவனுடைய, அவளுடைய என்பதில் வரும் குழப்பமும் இதன் தொடர்ச்சி. பிரெஞ்சில் உடைமைச் சொல் உடையவரைப் பார்க்காது, உடைமையைப் பார்க்கும். அவன் அப்பாவும் 'ஸோன் பேர்', அவள் அப்பாவும் 'ஸோன் பேர்'. 'அவள்' என்றதும் 'ஸா' போட்டு அப்பாவைப் பெண்ணாக்கிவிடுபவர்கள் நிறைய.

எண்களைப் பாடமாக அல்ல, பயிற்சியாக நடத்த வேண்டும். 69 வரை வில்லங்கம் இல்லை. 70 என்பது அறுபதும் பத்தும். 75 அறுபதும் பதினைந்தும். 80 நான்கு இருபது. 92 நான்கு இருபதும் பன்னிரண்டும். நூறைப் பிடித்துத் தொண்ணூறும் ஆயிரத்தைப் பிடித்துத் தொள்ளாயிரமும் கட்டிய மொழிக்காரர்கள் இதைக் கேலி செய்யக் கூடாது. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் நேரான சொற்கள் உண்டு. ஆனால் வகுப்பில் ஓடும் ஒலிப்பதிவுகள் பெரும்பாலும் பிரான்ஸின் வழக்கில்தான் இருக்கும். வில்லங்கம் எங்கே வருகிறது? பிரான்ஸில் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகத்தான் சொல்வார்கள். 78 என்று சொல்லும்போது 'ஸ்வாஸாந்த்' காதில் விழுந்ததும் மாணவர் 60 எழுதிவிடுகிறார். பின்னால் 'திஸ்-உயித்' வந்ததும் 18 எழுதுகிறார். ஒரு ஜோடி இரண்டாகி, பிறகு எல்லாம் இடம் மாறிவிடும். மருந்து எளிது: ஜோடி முடியும்வரை பேனா தாளைத் தொடக் கூடாது. ஒரு வகுப்புக்கு ஐந்து எண், மூன்று நிமிடம், ஒரு பருவம் முழுவதும். நேரம் சொல்லும்போது இன்னொரு பொறி: இரண்டு மணி 'தெஸெர்', பன்னிரண்டு மணி 'தூஸெர்'. அந்த ஒரு உயிரைத் தவறவிட்டால் ரயிலையும் தவறவிட வேண்டியதுதான். ஒன்பது மணியில் கடைசி எஃப், வி ஆகிவிடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

படிவம் நிரப்புவது அற்பமாகத் தெரியும். ஆனால் தொடக்கநிலைத் தேர்வில் அதற்கே தனிக் கேள்வி உண்டு. 'நோன்' என்று கேட்டால் பெயர் என்று நினைத்து நம் மாணவர் தன் பெயரை எழுதுகிறார். அது குடும்பப்பெயர், இவருடைய பெயர் 'ப்ரேனோன்' என்ற கட்டத்தில் வர வேண்டும். குடும்பப்பெயரே இல்லாமல் இனிஷியல் மட்டும் வைத்திருக்கும் நமக்கு இது மெய்யான இடர். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற இடத்தில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதையே எழுதிப் பழக வேண்டும். பின்னால் மாணவர் விசா, பல்கலைக்கழகப் பதிவு எல்லாம் அதன்படிதான் நடக்கும். குடியுரிமை என்ற இடத்தில் ஆண் மாணவரும் 'இந்திய' என்பதன் பெண்பால் வடிவத்தையே எழுத வேண்டும், ஏனெனில் குடியுரிமை என்ற சொல் பெண்பால். எழுத்துக் கூட்டுவதில் ஆங்கிலப் பழக்கம் நேரடியாகக் காலை வாரும். பிரெஞ்சில் ஜி எழுத்தின் பெயர் 'ஜே'. ஜே எழுத்தின் பெயர் 'ஜி'. ஐ எழுத்தின் பெயர் 'ஈ'. ஜெயா என்பவர் ஆங்கிலப் பாணியில் 'ஜே, ஈ' என்று தொடங்கினால் எதிரே இருப்பவர் ஜி, ஐ என்று எழுதிக்கொள்வார். ஹெச் 'ஆஷ்', ஒய் 'ஈ க்ரெக்', டபிள்யூ 'தூப்ல் வே'. ஒரே எழுத்து இரட்டித்து வந்தால் முன்னால் இரண்டு என்று சேர்த்துச் சொல்வது வழக்கம். ஒவ்வொருவரும் தன் பெயர், தெருவின் பெயர், ஊரின் பெயர் மூன்றையும் தடுமாறாமல் கூட்டிச் சொல்ல வேண்டும். திருச்சிராப்பள்ளிக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை.

ஒத்த தோற்றத்தில் ஏமாற்றும் சொற்களில் மாணவருக்கு உடனே தேவைப்படுவன சில. 'கொலேஜ்' என்பது கல்லூரி அல்ல, ஏறத்தாழ 11 வயது முதல் 15 வயது வரையிலான பிள்ளைகள் படிக்கும் பள்ளி. 'நான் கொலேஜில் படிக்கிறேன்' என்று எழுதும் பி.காம் மாணவர் தன்னை எட்டாம் வகுப்புக்கு இறக்கிக்கொள்கிறார். 'லிப்ரேரி' என்பது நூலகம் அல்ல, புத்தகக் கடை. ஒரு தேர்வை 'பாஸே' செய்தேன் என்றால் எழுதினேன் என்றுதான் பொருள். தேறினேன் என்பதற்கு வினை வேறு. 'புரோ' என்பது எழுதுமேசை அல்லது அலுவலகம். நம் வீட்டு பீரோவில் மடித்து வைத்த புடவையை அங்கே தேடக் கூடாது.

நீ, நீங்கள் வேறுபாடு நமக்குப் பழகியதுதான். பெற்றோரிடம் மட்டும் கவனம்: அப்பாவுக்கு 'நீங்கள்' போடும் வீட்டுப் பிள்ளை பிரெஞ்சு உரையாடலிலும் அப்படியே போடுகிறார். இன்று அங்கே வீட்டில் பொதுவாக 'த்யூ'தான். கடைக்காரரிடம் 'வூ', அதற்கும் முன்னால் ஒரு 'போன்ஜூர்'. அதைச் சொல்லாமல் விலை கேட்பது மரியாதைக் குறைவு.

ஒலிப்பதிவைப் பயன்படுத்தும் முறையிலும் ஒரு சொல். பாடத்தை வாசித்து, மொழிபெயர்த்து, எல்லாம் முடிந்த பிறகு கடைசி ஐந்து நிமிடம் ஒலிப்பதிவைப் போடுகிறார்கள். அப்போது காது வேலை செய்யாது, கண்ணின் நினைவுதான் வேலை செய்யும். முதலில் புத்தகத்தை மூடி ஒரு முறை. யார், எங்கே, எத்தனை பேர் என்று மட்டும் கேட்க வேண்டும். இரண்டாம் முறை எண்கள், பெயர்கள், நேரம். மூன்றாம் முறைதான் புத்தகம் திறக்க வேண்டும். மொழி ஆய்வகம் தேவையில்லை, ஒரு கைப்பேசியும் சின்ன ஸ்பீக்கரும் போதும். டிவி5 மோந்த் தளத்தில் தொடக்கநிலைப் பயிற்சிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தியைப் பரிந்துரைப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். 'எளிய' என்பது இரண்டு ஆண்டு படித்தவருக்கு. முதல் பருவத்தில் அதைக் கேட்டால் பயம்தான் மிஞ்சும்.

எழுத்து வேலையை வீட்டுக்குக் கொடுப்பதில் இப்போது பயனில்லை. 'ஒரு நண்பனுக்கு அஞ்சலட்டை' என்று கொடுத்தால், நிகழ்காலமே சரியாக எழுத வராத மாணவரின் தாளில் மூன்றாம் ஆண்டில் வர வேண்டிய வினைவடிவம் வந்து நிற்கிறது. கைப்பேசி மொழிபெயர்த்துக் கொடுத்தது. வகுப்பிலேயே 15 நிமிடம், 40 சொல். 40 என்பது, பிரெஞ்சு அரசின் மொழிச் சான்றிதழான டெல்ஃபின் தொடக்கநிலையான ஏ1 தேர்வில் கேட்கும் குறைந்தபட்ச அளவு.

அந்தத் தேர்வின் அமைப்பைப் பல்கலைக்கழகங்கள் ஒரு முறை பார்ப்பது நல்லது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25. மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் எந்த ஒரு பிரிவிலும் 5க்குக் கீழே போனால் தேர்ச்சி இல்லை. அதாவது எழுத்திலும் வாசிப்பிலும் 25, 25 வாங்கிவிட்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்தால் தோல்வி. நம் பல்கலைக்கழக முறையில் அதே மாணவருக்கு மிக உயர்ந்த ஓ கிரேடு. ஏ1 நிலைக்கு ஏறத்தாழ 100 மணி நேர வகுப்பு வேண்டும் என்பது பொதுக் கணக்கு. வாரம் ஐந்து மணி வீதம் 15 வாரம் என்றால் காகிதத்தில் 75. விடுமுறை, தேர்வு, கலைவிழா போக 60 நிற்கும். இரண்டு பருவத்தில் 120. ஆகவே முதலாண்டு முடிவில் ஏ1 எட்டக்கூடியதுதான். மொழிபெயர்ப்பு மனப்பாடத்துக்கே இந்த மணி நேரம் போய்விடுவதால் எட்டவில்லை.

இன்னொரு தடை, வகுப்பின் கலவை. மேல்நிலையில் இரண்டு ஆண்டு பிரெஞ்சு படித்து வந்தவரும், முதல் நாள் பாடம் கேட்பவரும் ஒரே அறையில். முன்னவருக்குச் சலிப்பு, பின்னவருக்குத் திகில். இரண்டு பிரிவாகப் பிரிக்க ஆசிரியர் இருந்தால் பிரித்துவிடலாம். இல்லாத கல்லூரிகளில் முதல் நான்கு வாரம் ஒலிக்கே ஒதுக்கினால் சிக்கல் பாதி தீரும். பள்ளியிலும் காகிதப் பிரெஞ்சே படித்து வந்ததால், 'பார்லென்ட்' என்று படிப்பதில் இரு தரப்பும் சமம்தான்.

பகுதி 1 தேர்வில் பெரும்பாலும் 75 புறமதிப்பீடு, 25 அகமதிப்பீடு. புறமதிப்பீட்டை மாற்றப் பாடத்திட்டக் குழு, கல்விக் குழு என்று ஆண்டுகள் ஓடும். அகமதிப்பீட்டின் 25இல் பத்தைப் பேச்சுக்கும் ஐந்தைக் கேட்டெழுதுதலுக்கும் ஒதுக்குவது பல கல்லூரிகளில் துறையளவிலேயே முடியும் வேலை. ஐம்பது பேரை வைத்துக்கொண்டு வாய்மொழித் தேர்வு எப்படி என்று கேட்பார்கள். தனித்தனியாக வேண்டாம், இருவர் இருவராக. ஒருவர் கடைக்காரர், ஒருவர் வாங்குபவர். பெயரைக் கூட்டிச் சொல்லி, இரண்டு பொருள் கேட்டு, விலையைக் குறித்துக்கொள்ள வேண்டும், பிறகு இடம் மாற்றம். ஜோடிக்கு ஆறு நிமிடம். 25 ஜோடிக்கு 150 நிமிடம்: ஐம்பது நிமிட வகுப்பு மூன்று. காத்திருக்கும் மற்றவர்கள் அந்த நேரத்தில் 40 சொல் அஞ்சலட்டையை எழுதிக்கொண்டிருக்கலாம். மதிப்பெண் தாளில் நான்கே கட்டங்கள் போதும்: புரிந்ததா, பதில் வந்ததா, எண் சரியா, யூ ஒலி சரியா. இந்த ஜூனில் சேரும் வகுப்புக்கே, முதல் அகத்தேர்விலேயே, எந்த ஆணைக்கும் காத்திராமல் இதைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு பிரெஞ்சு ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி